வடிகால் பொறியாளர் காலநிலைத் தகவமைப்பு படிக்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

நீளமாக எழுதியிருக்கிறீர்கள், நல்லதுதான், நாலு வரியில் கேட்டிருந்தால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் சொல்லியிருப்பேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக ஒரு ஆலோசனை நிறுவனத்தில் மழைநீர் வடிகால் வடிவமைக்கிறீர்கள், பெரும்பாலும் கடலோர நகரங்களுக்கு. நீங்கள் கணக்குப் போட்ட ஒரு வடிகால் கட்டி முடித்த இரண்டாவது மழைக்காலத்திலேயே நிரம்பித் தெருவுக்கு வந்துவிட்டது. கணக்கில் தப்பில்லை என்று மூத்த பொறியாளர் சொன்னார், உங்களுக்கு அது ஆறுதலாக இல்லை. அப்போதிலிருந்து காலநிலை மாற்றத் தகவமைப்பில், அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப நம்மைத் தயார்படுத்திக்கொள்ளும் துறையில், முதுகலை படிக்கும் எண்ணம் வந்திருக்கிறது. வீட்டிலோ கட்டமைப்புப் பொறியியலில் எம்.டெக். படி, வேலை நிச்சயம் என்கிறார்கள். இந்தப் பட்டத்துக்கு வேலை இருக்கிறதா, அறிவியல் பக்கம் போவதா கொள்கைப் பக்கம் போவதா, ஓராண்டுப் படிப்பு போதுமா, பணத்துக்கு என்ன வழி என்று கேட்கிறீர்கள்.

சரி, நேராகவே சொல்கிறேன். படியுங்கள். ஆனால் வடிகாலை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நான் பல ஆண்டுகளாக நகரங்களின் தகவமைப்புத் திட்டங்களில் வேலை செய்கிறேன், இளைஞர்களை வேலைக்கு எடுக்கும் நேர்காணல்களிலும் உட்காருகிறேன். காலநிலை பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற, ஆனால் ஒரு குழாயின் விட்டத்தையோ ஒரு பயிரின் நீர்த்தேவையையோ ஒரு மருத்துவமனையின் படுக்கைக் கணக்கையோ ஒருமுறைகூடக் கையால் போட்டுப் பார்க்காத பட்டதாரிகள் நிறையப் பேர் வருகிறார்கள். கெட்டிக்காரர்கள், உழைப்பவர்கள். ஆனாலும் அவர்களை எந்த வேலையில் அமர்த்துவது என்று நிறுவனங்களுக்குத் தெரிவதில்லை. தகவமைப்பு எப்போதும் இன்னொரு தொழிலுக்குள்தான் நடக்கிறது. தண்ணீர், விவசாயம், பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல், காப்பீடு, மின்சாரம் என்று ஏதோ ஒன்று கையில் இருப்பவருக்குத்தான் இந்தப் படிப்பு பலன் தரும். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் கடிதத்தில் நீங்கள் அதைக் குறைத்துப் பேசுவதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

உங்கள் வடிகாலையே எடுத்துக்கொள்வோம். கணக்கில் தப்பில்லை என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் பயன்படுத்திய ஐ.டி.எஃப். வளைவு, அதாவது எவ்வளவு நேரம் எவ்வளவு தீவிரமாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மழை பெய்யும் என்று சொல்லும் வளைவு, கடந்த முப்பது நாற்பது ஆண்டு மழைப் பதிவிலிருந்து வந்திருக்கும். போன காலம் எப்படி இருந்ததோ வரும் காலமும் அப்படியே இருக்கும் என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் அனுமானம். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். குறுகிய நேரத்தில் கொட்டும் கனமழை பொதுவாக அந்த விகிதத்தில் வலுக்கிறது, சில இடங்களில் அதையும் தாண்டுகிறது. ஆக நீங்கள் 25 ஆண்டுக்கு ஒருமுறை என்று நினைத்து வடிவமைத்த மழை, கட்டும்போதே அதைவிட அடிக்கடி வருகிற மழையாக மாறியிருக்கலாம்.

சரி, அப்படியென்றால் குழாயைப் பெரிதாக்கினால் போயிற்று என்று தோன்றும். இப்போது வடிகாலின் வாய்க்கு வாருங்கள். அது கடலிலோ கழிமுகத்திலோ போய்ச் சேருகிறது. ஓதம், அதாவது கடலின் ஏற்றம், வரும்போது வெளியே நீர்மட்டம் உயர்கிறது, கடல்நீர் உள்ளே வராமல் மடிப்புக் கதவு மூடிக்கொள்கிறது, அந்த நேரத்தில் பெய்யும் மழை முழுவதும் குழாய்க்குள்ளேயே காத்திருக்க வேண்டும். உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது, 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தைத் தொட்டது. நிலத்தடி நீரை உறிஞ்சி எடுக்கும் கடலோர நகரங்களில் தரையும் சேர்ந்து இறங்குகிறது. கதவு மூடியிருக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். அப்போது குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாய் அடைத்த குழாய்தான். தண்ணீரைப் பம்பு வைத்து இறைக்க வேண்டும், அல்லது கொஞ்ச நேரம் தேக்கி வைக்க இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் அந்தத் தாழ்வான நிலத்தில் இப்போது யார் குடியிருக்கிறார்கள், அவர்களிடம் பட்டா இருக்கிறதா, அந்த நிலம் எந்தத் துறையின் கையில் இருக்கிறது, பம்புக்கு மின்சாரம் போனால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேள்வி வரும். நீரியலில் தொடங்கி ஐந்தே நிமிடத்தில் நிலவுரிமைக்கு வந்துவிட்டோம் பாருங்கள். நல்ல முதுகலைப் படிப்பு உங்களை இந்த முழுத் தூரமும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பாதி வழியில் இறக்கிவிடக் கூடாது.

இதை வைத்தே உங்கள் அறிவியலா கொள்கையா கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். இரண்டில் ஒன்றை மட்டும் தரும் படிப்பை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காலநிலையைக் கணினியில் கணிக்கும் மாதிரிகளை உருவாக்கும் வளிமண்டல அறிவியல் உங்களுக்குத் தேவையில்லை. அந்த மாதிரிகள் தரும் எண்களை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லத் தெரிவது கட்டாயம் தேவை. உலகளாவிய காலநிலை மாதிரி ஒன்றின் ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீட்டர் பக்கம் கொண்டது. உங்கள் நகரம் மொத்தமும் அதன் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். உங்களுக்குத் தேவையோ 15 நிமிட மழை. இடையில் இருக்கும் பள்ளத்தை எப்படித் தாண்டுவது, ஒரு வட்டாரத்தை மட்டும் நுணுக்கமாகக் கணிக்கும் பிராந்திய மாதிரிகளால் எவ்வளவு சரியாகும், மாதிரியின் எண்களை உண்மைப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிக்கட்டும் சாய்வுத் திருத்தம் செய்யும்போது என்ன தொலைந்து போகிறது, சில மாதிரிகள் மழை கூடும் என்றும் சில குறையும் என்றும் சொன்னால் மாநகராட்சிக்கு என்ன எழுதிக் கொடுப்பது? இதெல்லாம் பாடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாதிரிகளின் சராசரியை எடுத்து ஒரே எண்ணாகக் கொடுத்துவிடும் அறிக்கைகளை நான் நிறையப் பார்க்கிறேன், அவை ஆபத்தானவை, ஏனென்றால் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் நிச்சயம் வந்துவிடுகிறது.

நிச்சயமில்லாதபோது முடிவெடுப்பது எப்படி என்பதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன், பல படிப்புகள் அதற்கு ஒரு வாரம்தான் ஒதுக்குகின்றன. லண்டனைப் பாருங்கள். தேம்ஸ் தடுப்பணை 1982 முதல் இயங்குகிறது. கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று துல்லியமாகத் தெரியாத நிலையில் அடுத்த தடுப்பணையை இப்போதே கட்டுவதா, காத்திருப்பதா? 2012இல் ஏற்றுக்கொண்ட தேம்ஸ் கழிமுகத் திட்டத்தில் அவர்கள் ஒரே தீர்வைக் குறிக்கவில்லை. இந்த அளவுக்கு உயர்ந்தால் இந்தப் பாதை, அதைத் தாண்டினால் அந்தப் பாதை என்று வழிகளைப் பிரித்து வைத்து, எந்த எண்களைக் கண்காணிக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் முடிவெடுத்தே ஆக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 2023இல் அதை மறுபடி பார்த்தபோது சில கரைகளை உயர்த்த வேண்டிய காலக்கெடுவை முன்னே இழுத்தார்கள். திட்டம் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, திட்டம் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும். தகவமைப்புப் பாதைகள் என்று இதைச் சொல்வார்கள், நெதர்லாந்தின் டெல்டா திட்டத்திலும் இதே சிந்தனைதான். ஒரு பாடத்திட்டத்தில் இந்தப் பெயரும், எதிர்காலம் எப்படிப் போனாலும் தாங்கும் முடிவைத் தேடும் வலுவான முடிவெடுத்தல் என்ற பெயரும், பயிற்சியோடு கூடிய பாடமாக இருந்தால் அந்தப் படிப்பின் மீது எனக்கு நம்பிக்கை வரும்.

அப்புறம், யார் பாதிக்கப்படுகிறார்கள் என்ற பக்கம். பொறியாளர்கள் பெரும்பாலும் இதை மென்மையான பாடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் கடிதத்திலும் சமூகவியல் பாடங்கள் நேர விரயம் ஆகிவிடுமோ என்று ஒரு வரி இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வங்கதேசத்தில் 1970 போலா புயலில் இறந்தவர்கள் குறைந்தது மூன்று லட்சம் பேர். 1991 புயலில் சுமார் 1,38,000 பேர். 2007இல் சிதர் புயல் வந்தபோது சுமார் 3,400 பேர். அதுவும் பெரும் துயரம்தான், ஆனால் என்ன ஒரு இறக்கம்! கான்கிரீட் புகலிடங்கள் காரணம் என்று சொல்லிவிடலாம், அது பாதிதான் உண்மை. 1972இல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள் கொடியும் ஒலிபெருக்கியும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகப் போனார்கள். 1991இல் இறந்தவர்களில் பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். புகலிடத்தில் தனி இடம் இல்லை, பிள்ளைகளையும் முதியவர்களையும் விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது, ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டு வர மனமில்லை. பிறகு வந்த புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும், கால்நடைகளுக்கு மேடும் வந்தன. சுவரின் தடிமனைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, அந்தச் சுவருக்குள் ஒரு பெண் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றாமல் இருந்ததற்குக் கொடுத்த விலை அது. இதைச் சமூகவியல் பாடம் என்று நான் சொல்ல மாட்டேன், இதுவும் வடிவமைப்புதான்.

அதே நாட்டிலேயே எதிர்மாறான பாடமும் இருக்கிறது. கடலோரத்தில் 1960களில் உப்புநீரைத் தடுக்கக் கரைகள் எழுப்பி, நிலத்தைப் போல்டர்களாக, அதாவது சுற்றிலும் கரை சூழ்ந்த தாழ்நிலத் துண்டுகளாக, பிரித்தார்கள். சில ஆண்டுகள் விளைச்சல் பெருகியது. ஆனால் ஓதத்தோடு வந்து வயலில் படிந்துகொண்டிருந்த வண்டல் இப்போது கரைக்கு வெளியே ஆற்றின் படுகையிலேயே படிந்தது, ஆறு மேடாகிக் கரைக்குள் இருந்த நிலம் தாழ்ந்துகொண்டே போனது. மழைநீர் வெளியேற வழியில்லாமல் தென்மேற்குப் பகுதியில் பல வட்டாரங்கள் ஆண்டுக்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தன. கடைசியில் பில் டகாட்டியா போன்ற இடங்களில் மக்களே கரையை வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டார்கள். வண்டலை மறுபடி உள்ளே அனுமதிக்கும் அந்த முறையைப் பின்னால் அரசுப் பொறியாளர்களே ஏற்றுக்கொண்டு ஓத ஆற்று மேலாண்மை என்று திட்டமாக்கினார்கள், அதிலும் யாருடைய நிலம் எத்தனை ஆண்டு நீருக்கு அடியில் கிடக்க வேண்டும், அதற்கு யார் ஈடு கொடுப்பது என்ற சண்டை தீரவில்லை. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது பாதிப்பைக் கூட்டிவிடுவதைப் பிழைத் தகவமைப்பு என்கிறார்கள், ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2022 அறிக்கை அதற்கு நிறையவே இடம் ஒதுக்குகிறது. நீங்கள் சேரும் படிப்பில் வெற்றிக் கதைகள் மட்டுமே இருந்தால் யோசியுங்கள்.

பெயரைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தகவமைப்பு என்று பெயரிலேயே இருக்கும் படிப்புகள் உலகில் குறைவு. காலநிலை மாற்றம், காலநிலையும் சமூகமும், நீர் மேலாண்மை, வெள்ள இடர், பேரிடர் இடர் குறைப்பு, சுற்றுச்சூழலும் வளர்ச்சியும், நிலைத்த நகரங்கள் என்று பல பெயர்களில் ஒளிந்திருக்கும். டெல்ஃப்ட்டில் உள்ள ஐ.எச்.இ. போன்ற நீர்க் கல்வி நிறுவனம் ஒரு வகை, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலநிலையும் சமூகமும் என்ற ஓராண்டு முதுகலை இன்னொரு வகை, சசெக்ஸ் போல வளர்ச்சி ஆய்வில் பேர்பெற்ற இடங்கள் வேறொரு வகை. உங்களைப் போன்றவருக்கு முதல் வகையில் சேர்ந்து, விருப்பப் பாடங்களைச் சமூகப் பக்கம் எடுப்பது பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். வளர்ச்சி ஆய்வுப் பக்கம் போனாலும் தப்பில்லை, ஆனால் அங்கே உங்கள் கணக்கு மறந்துபோகாமல் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணையதளத்தின் முகப்பில் இருக்கும் பச்சை நிறப் படங்களைத் தாண்டி, பாடவாரியான கையேட்டைத் தரவிறக்கிப் படியுங்கள். தேர்வு எப்படி வைக்கிறார்கள் என்ற பகுதியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எல்லாப் பாடத்துக்கும் மூவாயிரம் சொல் கட்டுரை என்றால் அது வேறு மாதிரியான படிப்பு. தரவுப் பயிற்சி, ஒரு நகராட்சிக்காகவோ அமைப்புக்காகவோ செய்யும் குழு வேலை, களப்பணி ஆகியவற்றுக்கு மதிப்பெண் இருந்தால் நல்ல அறிகுறி. முன்னாள் மாணவர்கள் இருவர் மூவரைத் தேடிப் பிடித்து, வழிகாட்டிப் பேராசிரியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரம் கொடுத்தார், ஆய்வேட்டுக்கு வெளி அமைப்போடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்களா என்று மட்டும் கேளுங்கள். தரவரிசை எத்தனை என்று என்னிடம் கேட்டிருந்தீர்கள். ஆள் எடுக்கும்போது நாங்கள் அதைப் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை, ஆய்வேட்டின் தலைப்பைப் பற்றித்தான் பேசுவோம்.

ஆய்வேட்டைத்தான் நான் இந்தப் படிப்பிலேயே முக்கியமானதாக நினைக்கிறேன், அதனால்தான் ஓராண்டா இரண்டாண்டா என்ற கேள்வியையும் அதோடு சேர்த்தே பார்க்கிறேன். ஓராண்டுப் படிப்பில் ஆய்வேட்டுக்குக் கிடைப்பது கோடைக்கால மூன்று மாதம். போய் இறங்கி இடத்துக்குப் பழகுவதற்குள் தலைப்பு கொடுக்கச் சொல்வார்கள். வேலை அனுபவமும் ஒரு தெளிவான கேள்வியும் உள்ளவருக்கு அது போதும், உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. நேராகக் கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு இரண்டாண்டுப் படிப்பைத்தான் சொல்வேன். எதில் சேர்ந்தாலும், எங்கோ ஒரு அலுவலகம் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குள் எடுக்கப்போகும் ஒரு முடிவைத் தலைப்பாக எடுங்கள். கடலோர நகரங்களில் காலநிலை மாற்றத்தின் தாக்கம் என்ற மாதிரித் தலைப்பு வேண்டாம். ஓதம் ஏறும்போது மழை பெய்தால் இந்த வெளிவாய் எத்தனை மணி நேரம் அடைபட்டிருக்கும், 2050இல் அது எவ்வளவு ஆகும், பம்பு வைப்பதா தேக்கிடம் ஒதுக்குவதா, எந்தக் கட்டத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும் என்று எடுத்தால் அந்த அலுவலகமே உங்களைத் திரும்பக் கூப்பிடும்.

அஞ்சல்வழி, இணையவழிப் படிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலையை விட முடியாதவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் பல தொழில்களிலிருந்து வருபவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடுவதில் பாதிப் படிப்பு நடக்கிறது. மருத்துவர் ஒருவரும் விவசாய அலுவலர் ஒருவரும் உங்கள் வரைபடத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தோன்றவே தோன்றாது. முடிந்தால் நேரில் போய்ப் படியுங்கள்.

இனி வேலை. இதில் உங்களுக்கு இனிப்பாக எதுவும் சொல்லப் போவதில்லை. தேவைக்குக் குறைவில்லை. 330 முதல் 360 கோடி மக்கள் காலநிலை மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படக்கூடிய சூழலில் வாழ்கிறார்கள் என்று அதே ஐ.பி.சி.சி. அறிக்கை சொல்கிறது. பணம்தான் தேவைக்குப் பக்கத்தில்கூட இல்லை. வளரும் நாடுகளுக்கு 2035 வாக்கில் தகவமைப்புக்கு ஆண்டுக்கு 31,000 கோடி டாலருக்கு மேல் தேவைப்படும் என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு, 2023இல் சர்வதேசப் பொது நிதியாக வந்தது 2,600 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட அது குறைவு. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் தகவமைப்பு நிதியை 2025க்குள் இரட்டிப்பாக்குவோம் என்றார்கள், 2025இல் பெலேம் மாநாட்டில் 2035க்குள் மும்மடங்காக்க முயல வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதினார்கள். இடையில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025இல் மூடப்பட்டது, பிரிட்டன் தன் உதவி நிதியைத் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தது. தொண்டு நிறுவனங்களிலும் நன்கொடை நிதியில் ஓடும் திட்டங்களிலும் இருந்த பலர் வேலை இழந்தார்கள், நல்ல அனுபவசாலிகள். அந்தப் பக்கத்து வேலைகள் பெரும்பாலும் திட்டம் முடியும் வரைதான், இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம், அப்புறம் மறுபடி தேட வேண்டும். குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

ஆனால் உங்களைப் போன்றவருக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. பொறியியல் ஆலோசனை நிறுவனங்கள், நீர் வாரியங்கள், துறைமுகங்கள், ரயில்வே, காப்பீட்டுக்கு இடர் மாதிரி செய்யும் நிறுவனங்கள், வளர்ச்சி வங்கிகள் எல்லாவற்றுக்கும் காலநிலை இடரைக் கணக்கில் எடுத்து வடிவமைக்கத் தெரிந்த ஆள் தேவை. விளம்பரத்தில் தகவமைப்பு நிபுணர் என்று இருக்காது. வெள்ள இடர் பொறியாளர், நீர்வளத் திட்டமிடுநர் என்றுதான் இருக்கும், வேலை விவரத்தைப் படித்தால்தான் உள்ளே இருப்பது புரியும். இன்னொரு வேலையும் வளர்கிறது. பசுமைக் காலநிலை நிதியம் போன்ற இடங்களுக்குத் திட்ட முன்மொழிவு எழுதும்போது, இந்தத் திட்டம் வழக்கமான வளர்ச்சித் திட்டம் இல்லை, காலநிலை மாற்றத்தால்தான் தேவைப்படுகிறது என்று தரவோடு நிறுவ வேண்டும். பல நல்ல முன்மொழிவுகள் அந்தப் பகுதியில்தான் திரும்பி வருகின்றன. மழைப் பதிவை அலசவும் தெரிந்து, அதைத் தெளிவாக எழுதவும் தெரிந்தவர்கள் குறைவு, நீங்கள் அப்படி ஆகலாம்.

வீட்டில் சொல்வதையும் நான் தள்ளிவிட மாட்டேன். எம்.டெக். என்பதில் தப்பில்லை, கட்டமைப்பு என்பதில்தான் எனக்குத் தயக்கம், உங்கள் கேள்வி அங்கே இல்லை. உதவித்தொகை கிடைக்காமல் கடன் வாங்கித்தான் வெளிநாடு போக முடியும் என்றால், நீர்வளப் பொறியியலிலோ நீரியலிலோ எம்.டெக். சேர்ந்து, ஆய்வேட்டைத் தகவமைப்பில் செய்வது முழுக்க மதிப்பான வழி. பெரிய கடனோடு படித்து முடிப்பவர்கள், கடனைக் கட்டும் அவசரத்தில் முதலில் கிடைக்கும் வேலையில் சேர்ந்து, அதற்காகவே படித்த துறையை விட்டு வெளியேறுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டம் எங்கே வாங்கினீர்கள் என்பதைவிட அதற்குப் பிறகு இந்தத் துறையிலேயே இருக்க முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவில்லை. கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவகத்தில் பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் சேர்த்துக் கணித்த ஈ.ஆர்.ஏ.5 தரவு இலவசமாகக் கிடைக்கிறது, 1940 முதல் மணிக்கணக்கில். அதோடு உங்கள் நிறுவனத்திடம் இருக்கும் மழைமானிப் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஐ.டி.எஃப். வளைவு போடுங்கள். மானிப் பதிவும் ஈ.ஆர்.ஏ.5உம் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள், குறுகிய நேரக் கனமழையில் இடைவெளி பெரிதாக இருக்கும், ஏன் என்று தேடுங்கள். இதற்குக் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தேவைப்படும், அதையும் அப்படியே பழகிவிடலாம். அப்புறம் ஐ.பி.சி.சி. ஆறாவது மதிப்பீட்டின் இரண்டாம் பணிக்குழு அறிக்கையில் நகரங்கள் பற்றிய 6ஆம் அத்தியாயத்தையும் முடிவெடுப்பது பற்றிய 17ஆம் அத்தியாயத்தையும் படியுங்கள், கடினமான எழுத்து, மெதுவாகப் படியுங்கள். இந்த இரண்டு வேலையும் உங்களை ராத்திரி தூங்கவிடாமல் பிடித்து வைத்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். சலிப்பாக இருந்தால் வேறு யோசிக்கலாம், அதில் குறையொன்றுமில்லை.

நோக்க அறிக்கையில் சின்ன வயதிலிருந்தே இயற்கையை நேசிக்கிறேன், பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் எழுதாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம், தேர்வுக்குழு அன்று அதை எத்தனையோ முறை படித்திருக்கும். நிரம்பி வழிந்த வடிகாலைப் பற்றி எழுதுங்கள், விட்டமும் சரிவும் வெளிவாய் மட்டமும் சேர்த்து. உங்கள் இரண்டு வளைவுகள் என்ன காட்டின, அதற்கு மேல் உங்களால் ஏன் போக முடியவில்லை, அந்த இடத்தில் இந்தப் படிப்பின் எந்தப் பாடம் உதவும் என்று எழுதினால் போதும்.

பணத்துக்கு: பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கும், இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும், முடித்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஜெர்மனியின் டாட் அமைப்பு வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கென்று தனி உதவித்தொகை வைத்திருக்கிறது, அங்கேயும் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், இளநிலை முடித்துப் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஆகவே இன்னும் பார்க்கலாம் என்று அதிகம் தள்ளிப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் ஈராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளில் இரண்டு நாட்டுக்குக் குறையாமல் படிப்பீர்கள், வெள்ளமும் நீரும் கடலோரமும் சார்ந்த படிப்புகள் அந்தப் பட்டியலில் வருவதுண்டு, பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டு பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் படிப்பு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். வேலை அனுபவத்தை, பணியில் சேர்ந்த தேதியோடும் வேலை நேரத்தோடும் காட்ட வேண்டியிருக்கும், அதனால் நிறுவனத்திடம் அந்தக் கடிதத்தை இந்த மாதமே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.